பல்லாஸ்பத்திரித் தண்டவாளம்

கொடுக்காம்பாறைக்கு ரயில் வருவது நின்று, தண்டவாளத்தைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அகலப்பாதை போடுகிறோம் என்று சொன்னவர்கள் அதை ஊரை ஒதுக்கிவிட்டு எட்டத்தில் போட்டு, பழைய மேட்டில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஊரும் பஸ்ஸில் போய்வரப் பழகிக்கொண்ட பிறகு, யாரும் மனுக் கொடுக்காமல், யாரும் மறியல் செய்யாமல், ஒரு புதன்கிழமை காலை மறுபடியும் ரயில் வந்தது. வந்தது பஜாரில் இருக்கும் பல்லாஸ்பத்திரிக்கு. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் போட்டிருந்த நீள மேஜையின் மேல், கிழக்குச் சுவரிலிருந்து புறப்பட்டு, மேஜை முடிகிற இடத்தில் நின்ற மருந்து அலமாரிக்குள் போனது. அலமாரியைத் திறந்து பார்த்தால் மருந்துதான் இருந்தது.

ரயிலைச் சொல்வதற்கு முன்னால் தண்டவாளத்தைச் சொல்லிவிட வேண்டும். கொடுக்காம்பாறைக்காரர்கள் இன்றுவரை ரயில் எப்படி வந்தது என்று சண்டை போட்டதில்லை. தண்டவாளத்தைப் பற்றித்தான் போடுகிறார்கள்.

பல் டாக்டர் சிவகாமசுந்தரி ஈரோட்டுப் பக்கத்துக்காரர். ரயில் போன பிறகுதான் ஊருக்கு வந்தார், ஆகவே கொடுக்காம்பாறை ரயிலை அவர் கண்ணால் கண்டதே கிடையாது. ஊசிக்குப் பயந்து அலறும் பிள்ளைகளுக்காக ஒரு பொம்மை ரயில் வாங்கி அந்த மேஜையில் வட்டமாக ஓடவிட்டார். பிள்ளைகள் சமாதானமானார்கள், டாக்டருக்குத்தான் நிம்மதி போயிற்று. அந்தத் தண்டவாளம் அவருக்குப் பொய்ப்பல்லாகத் தெரிந்தது. பளபளவென்று வெள்ளி நிறம், சக்கரத்தில் பாதி உயரத்துக்குத் தடித்த இரும்பு, தள்ளித் தள்ளி ஒரே அளவாகப் போட்ட கறுப்புப் பிளாஸ்டிக் கட்டைகள், நாய் தன் வாலைத் துரத்துகிற மாதிரி ஒரு வளைவு. பல்செட் கட்டுகிறவருக்குப் பொய் எங்கே இருக்கிறதென்று தெரியும். வரிசை பிசகாமல், கறை இல்லாமல், எல்லாம் ஒரே வெள்ளையாக இருந்தால் அது வாங்கி வைத்த பல் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லிவிடுவாள். அதனால் அவர் ஒவ்வொரு செட்டிலும் ஒரு பல்லைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டுவார், ஒன்றின் வேரோரம் வெற்றிலைக் கறை போல லேசாக நிறம் ஏற்றுவார், அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து ஊர், பரவாயில்லையே இந்த வயதிலும் சொந்தப் பல் என்று சொல்லும்.

தபாலில் மூன்று வகைத் தண்டவாளம் மாதிரிக்கு வந்தது. முதலாவது பொம்மையோடு வந்ததற்கு அண்ணன், இன்னும் தடிமன். இரண்டாவதை இஷ்டத்துக்கு வளைக்கலாம், இரும்பும் மெலிசு, ஆனால் கட்டைகள் எந்த நாட்டுக் குளிர் ஊருக்கோ அளவெடுத்தவை. மூன்றாவது வெறும் இரும்பு, கட்டையே கிடையாது, சேமியா மாதிரி இரண்டு கம்பிகள், கட்டையை நாமே வெட்டி நாமே ஒட்டிக்கொள்ள வேண்டியது. டாக்டர் மூன்றையும் ஒரு வாரம் மேஜையில் போட்டு வைத்துப் போகும்போதும் வரும்போதும் பார்த்தார், பிறகு முதல் இரண்டையும் கட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்று தொடங்கிற்று வேலை. வாய்க்குள் பஞ்சு வைத்துக்கொண்டு நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறவர்களிடமெல்லாம் டாக்டர் கேட்டார், இங்கே மீட்டர் கேஜ் பாதை எப்படிங்க இருந்துச்சு, கட்டை மரமா இரும்பா, ஜல்லி என்ன நிறம். பஞ்சும் ஊசி மரப்பும் ஒருபக்கம் கிடக்க, ஊர் வாயைத் திறந்தது.

"மரக்கட்டதான் டாக்டரம்மா. பிளாட்பாரத்துக்கு முன்னால மட்டும் இரும்பு. எஞ்சின் நிக்க எடத்துல எண்ண சொட்டிச் சொட்டிக் கறுகறுன்னு கெடக்கும்" என்றார் டீக்கடை சுடலைக்கண்ணு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய கையோடு. "தண்டவாளம் பக்கவாட்டுல துரு. மேல மட்டும் மின்னும், சீவுன அருவா கெணக்கா."

ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார், மறுத்ததை வீட்டுக்காரி திருத்தினாள். டாக்டர் தச்சாசாரியிடம் தேக்குச் சிராய் வாங்கி ஒவ்வொரு கட்டையாக நறுக்கினார், ஒன்றோடொன்று அளவு ஒக்காமல் பார்த்துக்கொண்டார், சிலதை நுனியில் பிளந்துவிட்டார். கிழக்கே குன்றுக் குவாரியில் கல் எடுத்து வந்து உரலில் இடித்து மூன்று சல்லடையில் சலித்து ஜல்லி விரித்தார். பாலிஷ் போடும் தூரிகையால் துரு ஏற்றினார். ஸ்டேஷனைத் தாண்டி ஓரிடத்தில் பாதை சற்றே உள்வாங்கியிருக்கும், அங்கே வந்ததும் வண்டியில் இருக்கிற காப்பி மடியில் கொட்டும் என்று சொன்னார்கள், ஸ்டேஷனும் பிளாட்பாரமும் சிக்னல் கம்பமும் செய்து, அந்தப் பள்ளத்தையும் வைத்தார். எல்லாம் முடிந்தபோது பழைய பொம்மை எஞ்சின் அதில் ஓடவில்லை, அதன் தடித்த சக்கரம் கட்டையில் இடித்துக் குப்புற விழுந்தது. டாக்டர் அதைத் தூக்கிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். ரயில் இல்லாவிட்டால் போகிறது, தண்டவாளம் மெய்யாக இருக்கிறதல்லவா என்று அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

அதற்கடுத்த புதன்கிழமைதான் வண்டி வந்தது. செங்கல் நிறப் பெட்டிகள், முன்னால் புகை, புகையில் கரிவாசம். கூடத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னைக்கும் லேட்டு என்றார்.

கொடுக்காம்பாறை அப்படித்தான். வராததற்குத்தான் அது ஆச்சரியப்படும், வந்துவிட்டதென்றால் அதற்கு ஒரு நேரம் குறித்து, ஒரு வரிசை போட்டு, யார் முதலில் என்று தகராறு செய்து, இரண்டு வாரத்தில் வழக்கமாக்கிவிடும். காலைக் காப்பிக்கும் மத்தியானச் சோற்றுக்கும் நடுவில் தினமும் வந்த வண்டியைப் பார்க்கப் பல்வலி என்று ஒரு பெயர் வேண்டியிருந்தது, ஆகவே ஊரில் எல்லோருக்கும் பல் வலித்தது. கிழவிகள் முறுக்குக் கடிக்கிறதை நிறுத்தினார்கள். ரயிலில் வருகிறவர்களுக்குப் பசிக்குமே என்று ஒருத்தி இட்லியைப் பிட்டுப் பிளாட்பாரத்தில் வைத்தாள், எறும்பு வந்ததால் டாக்டர் திட்டினார். வண்டி நிற்காமல் போனது, ஆனால் ஸ்டேஷனுக்குள் மெதுவாகப் போனது, அப்போது டாக்டரின் வாய்க்கண்ணாடியை ஜன்னலோரம் பிடித்தால் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் முகம் தெரிந்தது. விரல் கணு உயரத்து மனுஷர்கள். எல்லோரும் ஊர்க்காரர்கள். அந்த ரயிலில் ஏறிப் பிழைக்கப் போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள், போன அன்றைக்கு உடுத்தியிருந்த துணியோடு, போன அன்றைய வயதோடு இருந்தார்கள்.

சுடலைக்கண்ணு தன் தம்பியைப் பார்த்தார். கல்யாணமாகிப் போய், பிறகு புருஷனோடு ஊருக்கே திரும்பி வந்த தபால்காரர் வீட்டம்மா தன்னையே பார்த்தாள், சீர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதழுது மூக்குச் சிவந்த புதுப்பெண்ணாக, பார்த்துவிட்டு, கிறுக்கி, அங்க போயி என்னத்தக் கண்டே என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். கோயில் தர்மகர்த்தா நயினார், ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது, பம்பாயில் கட்டிக்கொடுத்து அங்கேயே முதல் பிரசவத்தில் போய்விட்ட மகள் சண்முகவடிவைப் பார்த்தார். அவள் கடைசிப் பெட்டியில் கைமேல் கன்னம் வைத்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள். நயினாருக்குப் பல்செட் அளவெடுக்கும் வேலை ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டும். இடிக்கிறது, உறுத்துகிறது, ஆடுகிறது என்று அவர் தினமும் வந்தார். டாக்டர் தினமும் அதை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வாங்க ஐயா என்றார்.

இவ்வளவு பேரும் பார்த்து முடித்த பிறகுதான் பாக்கியத்தாய் வந்தாள்.

பாக்கியத்தாய் மாதா கோயில் தெருவில் மாவரைத்து விற்கிறவள். புருஷன் காலமாகிவிட்டான், ஒரே மகன் செல்வின். சீரியல் லைட் கட்டுகிற பிள்ளை, ஊரில் எந்தச் சாமிக்குத் திருவிழா என்றாலும் அவன்தான் விளக்குப் போடுவான். கடைசியாக அம்மன் கொடைக்குச் சப்பரத்தில் விளக்குக் கட்டப் போனவன் திரும்பி வரவில்லை. மத்தியானக் கொடைக்குச் சப்பரம் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வண்டி வந்து நின்றது, உங்க மகன் பம்பாய் போறேன்னு சொல்லிட்டு அதுல ஏறிட்டான் என்று ஊர் அவளிடம் சொன்னது. ஒருவர் சொன்னால் சந்தேகப்படலாம், எல்லோரும் சொன்னார்கள். அவளும் மகன் பம்பாயில் இருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லி, மாவு வாங்க வருகிறவர்களிடம் அங்கே மழையாம், பாவம் என்று கவலைப்பட்டு, கிறிஸ்துமஸ்தோறும் அவன் அளவுக்குச் சட்டை தைத்துப் பெட்டியில் வைத்து, முன்பல் இரண்டும் விழுகிற வயதுக்கு வந்துவிட்டாள்.

வந்தவள் வாய்க்கண்ணாடியை வாங்கி முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். அந்தப் பக்கத்து ஜன்னலில் இருக்கிறானோ என்று மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை நுழைத்து நின்று பார்த்தாள். தபால்காரர் வீட்டம்மா இருந்தாள், சுடலைக்கண்ணுவின் தம்பி இருந்தான், கடனை வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் ஓடிப்போன பாத்திரக்கடைக்காரன்கூடக் கக்கூஸ் பக்கத்தில் ஒடுங்கி நின்றான். செல்வின் இல்லை.

"எல்லாரும் இருக்காவளே. எம் பிள்ள மட்டும் எங்க?" என்று அவள் கூடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கூட்டத்துல நிப்பான், மறைச்சிருக்கும். தூங்கியிருப்பான். சுடலைக்கண்ணு கொஞ்சம் அதிகமாகவே யோசித்து, தண்டவாளம் சரியில்லை, அதனால்தான் சில ஆட்கள் தெரியவில்லை என்று சொல்லிவைத்தார்.

அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டாக்டரிடம் போய்த் தண்டவாளம் சரியில்லை என்று சொன்னால் அவர் விடுவாரா? என்ன சரியில்லை, எங்கே சரியில்லை என்று ஒவ்வொருவரையும் குடைந்தார். அவர்களும் பாக்கியத்தாய் நிற்கிறாளே என்று இல்லாத குறையைத் தேடித் தேடி இருந்த குறைகளைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சிக்னல் கம்பத்தடியில் ஒரு கட்டை உளுத்திருக்கும் என்றார்கள், உளுக்க வைத்தார். பயணிகள் துப்பித் துப்பிப் பிளாட்பார ஓரத்து ஜல்லி சிவந்திருக்கும் என்றார்கள், வெற்றிலையை மென்று சாறெடுத்துத் தெளித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ரயிலில் இன்னும் இரண்டு பேர் புதிதாகத் தெரிந்தார்கள், மறந்தே போன ஒரு சித்தப்பா, பட்டாளத்துக்குப் போன ஒரு மாப்பிள்ளை. வீடுவீடாகச் சந்தோஷம் போயிற்று. பாக்கியத்தாய் வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

"டாக்டரம்மா, அவன் ஸ்டேசன்ல ஏறலியே" என்று ஒருநாள் அவள் சொன்னாள். "கேட்டுப் பக்கத்துலல்லா ஏறினாம்னு சொன்னாவ. ஒங்க மேசையில கேட்டே இல்லியே?"

இல்லைதான். மேஜை ஸ்டேஷனைத் தாண்டிய பள்ளத்தோடு முடிந்துவிட்டது, கேட் அதற்கும் மேற்கே. டாக்டர் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். அலமாரியை நகர்த்தி ஒரு பலகையைச் சேர்த்தால் மேற்குச் சுவர்வரை பாதை போட்டுவிடலாம்.

அன்று முதல் ஊருக்குப் பல்வலி குறைந்தது. கேட்டுப் பக்கம் ஜல்லி எப்படிங்க இருக்கும் என்று டாக்டர் கேட்டால் வாயைத் திறந்தவர்கள் மூடினார்கள். பஞ்சு வைத்திருந்தவர்கள் பஞ்சைக் காட்டினார்கள். அங்கெல்லாம் நம்ம யாரும் போறதில்ல என்றார்கள், தினமும் அந்த வழியாகத்தான் வயலுக்குப் போனவர்கள். அலமாரியை நகர்த்தினால் வாஸ்துக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னார். டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பல்லில் கோளாறு என்று நோயாளிக்கே தெரியாதபோது, கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாக லேசாகத் தட்டிக்கொண்டே வருவார், வலிக்குதா, இல்ல, வலிக்குதா, இல்ல. வாய் இல்லை என்று சொல்லும்போதே கால் கட்டைவிரல் மடங்குகிற இடம் ஒன்று வரும், அங்கேதான் சீழ். கேட் என்றதும் ஊரின் கால்விரல் மடங்குவதை அவர் பார்த்தார். பார்த்தும் அது என்ன சீழ் என்று வெளியூர்க்காரியான அவருக்குப் பிடிபடவில்லை.

சரி, நாமே போடுவோம் என்று மற்ற இடங்களைப் போலவே கட்டை ஒட்டி, அதே பழுப்பு ஜல்லியை விரித்து, கேட்டும் கம்பமும் வைத்து மேற்குச் சுவர்வரை முடித்துவிட்டார். மறுநாள் ரயில் வரவில்லை.

அதற்கு மறுநாளும் வரவில்லை. வாரம் ஒன்று போயிற்று. முதலில் ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது, பாக்கியத்தாய் கேட்கிற கேள்விக்கு இனி யாரும் பதில் சொல்ல வேண்டாம். பிறகு தம்பியைப் பார்க்காத சுடலைக்கண்ணு டீயில் சர்க்கரை போட மறந்தார். தபால்காரர் வீட்டம்மா படுத்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ரயில் ஒருமுறை போனபோது அழாதவர்கள் இப்போது அழுதார்கள், ஏனென்றால் அப்போது போனது வண்டி, இப்போது போனது முகங்கள். அந்தப் பலகையைப் பிடுங்குங்க டாக்டரம்மா என்று கூட்டமாக வந்து சண்டை போட்டார்கள்.

"பிடுங்க மாட்டேனுங்க" என்றார் டாக்டர். "அங்க ஏதோ பொய்யா இருக்குது. எல்லாம் ஒரே நிறமா இருக்குது பாருங்க. நான் போட்டதுலயே அதுதான் மோசம். என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, சரி பண்றேன்."

பாக்கியத்தாய் மேஜையோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் மாவு விற்றுவிட்டு வந்தால் சாயங்காலம்வரை உட்கார்ந்திருப்பாள். அவள் யாரோடும் சண்டை போடவில்லை. அதுதான் ஊருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சனிக்கிழமை நயினார் வந்தார். பல்செட் டாக்டரிடம் இருந்ததால் கன்னம் ஒட்டி, ஊருக்குத் தர்மகர்த்தா என்று சொல்ல முடியாத முகத்தோடு வந்தார். கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், அவர்களை நிமிர்ந்து பார்க்காமல் பலகைப் பக்கம் போய்க் குனிந்தார். இடுக்கியைக் கேட்டு வாங்கினார். கேட்டுக்குக் கொஞ்சம் கிழக்கே, ஆள் ஒருவர் படுக்கிற நீளத்துக்கு, ஜல்லியை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டி வைத்தார். மேல்பக்கம் டாக்டர் தூரிகையால் துரு ஏற்றிப் பழுப்பாக்கியிருந்த கல், அடிப்பக்கம் வெளுப்பாக இருந்தது. யாரும் உதவிக்குப் போகவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பழுப்புப் பாதையின் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு விழுந்தது. டாக்டர் அதைப் பார்த்ததுமே, இப்போது சரி என்று அவரை அறியாமல் சொன்னார். சொன்ன பிறகுதான் அது ஏன் சரி என்று அவருக்கு உறைத்தது.

"ஏன் அண்ணாச்சி அங்க மட்டும் கல்லு வெளுத்துருக்கு?" என்று பாக்கியத்தாய் கேட்டாள்.

"பொரட்டிப் போட்டோம்மா" என்றார் நயினார். பல் இல்லாத வாயில் சொல் குழைந்தது, ஆனாலும் புரிந்தது. "கழுவிப் பாத்தோம், போவல. அதான் பொரட்டிப் போட்டோம்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மன் வரும்போது கேட் மூடியிருக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு, சப்பரம் தாண்டும்வரை வண்டிதான் ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டும், அன்றைக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. சப்பரத்துச் சக்கரம் இரண்டு இரும்புக்கும் நடுவில் இறங்கி மாட்டிக்கொண்டது. வண்டி வருகிற சத்தம் கேட்டது. அம்மனை விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை, தூக்கவும் முடியவில்லை, எல்லோரும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள்.

"லைட்டுக் கட்ட வந்த பய. அம்மன் ஏறின பெறவு அவன் சப்பரத்தத் தொடக் கூடாதுன்னு நாந்தான் காலையில சத்தம் போட்டிருந்தேன். அவன் அம்மன் மேல கெடந்த செகப்புப் பட்ட உருவிக்கிட்டுத் தண்டவாளத்துல ஓடினான் பாத்துக்கோ. ஆட்டிக்கிட்டே ஓடினான். வண்டி நின்னுட்டு. சப்பரத்துக்கு ஒண்ணும் ஆவல. எங்க யாருக்கும் ஒண்ணும் ஆவல. வண்டி நிக்கதுக்குள்ள அவன் மேல..."

பாக்கியத்தாய் ஸ்டூலை விட்டு எழுந்து பலகைப் பக்கம் வந்தாள்.

"கொடைக்குப் பந்தக்கால் நாட்டின பெறவு ஊர்ல சாவு விழுந்தா கொட நின்னு போவுமேன்னு, பய தப்பிச்சிட்டான், அடிபட்டது கன்னுக்குட்டின்னு டிரைவர்ட்டச் சொல்லி அனுப்பிட்டோம். ரெண்டு நா கழிச்சு ஒங்கிட்டச் சொல்லிருவோம்னுதான் நெனச்சோம். கொட முடிஞ்சுது, எட்டாம் நா கொட வந்துது, அதும் முடியட்டும்னோம். அதுக்குள்ள நீ, எம் மவன் பம்பாய் போயிட்டானாம்லான்னு தெருத்தெருவா சிரிச்சுக்கிட்டு வந்த. அந்த மொகத்தப் பாத்து யாருக்கும் சொல்லத் தெம்பு வரல தாயி. எனக்கும் வரல."

அவ்வளவு பெரிய மனுஷர் அழுவதைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது, ஆனால் பரிதாபப்படுகிற உரிமை அங்கே யாருக்கும் இல்லை. தண்டவாளம் அதிர்ந்தது அப்போதுதான். கிழக்குச் சுவரிலிருந்து புகை வந்தது, எஞ்சின் வந்தது, செங்கல் நிறப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு வாரம் காணாத முகங்கள் ஜன்னல்களில் இருந்தன, சண்முகவடிவும் கைமேல் கன்னம் வைத்து இருந்தாள், ஆனால் அவளை நயினார்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். வெளுத்த கல்லின்மேல் விரல் கணு உயரத்தில் ஒருவன் நின்றான். கையில் கடுகளவு சிவப்புத் துணி. அதை வெறிபிடித்த மாதிரி ஆட்டினான்.

வண்டி ஸ்டேஷனைத் தாண்டியது, பள்ளத்தில் இறங்கி ஏறியது, வேகம் குறையவில்லை. "விலகுலே! செல்வின், விலகுலே!" என்று சுடலைக்கண்ணு கத்தினார். அவரோடு கூடமே கத்தியது. அத்தனை வருஷம் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயரை அத்தனை பேரும் தொண்டை கிழியச் சொன்னார்கள், பாதிப் பேருக்கு வாயில் ரத்தப் பஞ்சு இருந்தது. அவன் விலகவில்லை. அவனுக்கு அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

பாக்கியத்தாய் கையை நீட்டித் தண்டவாளத்தின் குறுக்கே வைத்தாள்.

எஞ்சின் அவள் உள்ளங்கையில் வந்து முட்டியது. கொதித்தது, அவள் எடுக்கவில்லை. சக்கரங்கள் கிறீச்சிட்டுச் சுற்றி, கட்டைகளில் பொறி தெறித்து, பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் குலுங்கி, கொடுக்காம்பாறையில் நிற்காமலே போய்க்கொண்டிருந்த ரயில் நின்றது. கைக்கு இந்தப் பக்கம் நின்ற பையன் துணியை இறக்கினான். தலையைத் தூக்கி, மேலே மேலே பார்த்து, தன் அம்மாவின் முகத்தைக் கண்டுபிடித்தான். அவள் இவ்வளவு கிழவியாகியிருப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

பாக்கியத்தாய் அவனை எடுத்து மடியில் கட்டிக்கொள்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டாக்டர் அவனைப் பொதிந்து கொடுக்க ஒரு பஞ்சைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். அவள் எடுக்கவில்லை. இன்னொரு கையின் சுண்டுவிரலால் அவன் தலையை, முடி கலையாத அளவுக்கு ஒருமுறை தொட்டாள்.

"ஏறிக்கோய்யா" என்றாள். "எல்லாரும் ஏறிட்டாவ பாரு. நீயும் ஏறிக்கோ."

அவன் தயங்கினான். பிறகு பட்டுத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, கல்லில் கால் வைத்து நடந்து, கம்பியைப் பிடித்து முதல் பெட்டியில் ஏறினான். கதவோரம் நின்றான். அவள் கையை எடுத்தாள். தோல் வெந்திருந்தது. வண்டி மெள்ள நகர்ந்து, வெளுத்த கல்லைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, மேற்குச் சுவருக்குள் போயிற்று. கடைசிப் பெட்டி போகும்வரை பாக்கியத்தாய் சிரித்த முகமாகவே நின்றாள்.

பிறகு திரும்பினாள். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"இப்பம் சொல்லுங்க அண்ணாச்சி. எம் பிள்ளைய எங்க பொதச்சிருக்கிய?"

நயினார் கையைத் தூக்கி, வாசலுக்கு வெளியே வடக்கே, ஓடைக்கரைப் பக்கம் காட்டினார். பாக்கியத்தாய் அந்தத் திசையைப் பார்க்கத் திரும்பியபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேரும், ஆணும் பெண்ணும், தபால்காரர் வீட்டம்மாவும், டீக்கடைக்காரரும், அவளிடம் நேற்றுவரை மாவு வாங்கியவர்களும், கையைத் தூக்கி அதே இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.